ஒரு ஏக்கர் எப்படிக் காணாமற் போயிற்று?

விருதுநகர் மாவட்டத்தின் வானம் பார்த்த பூமியில் இருக்கும் அருப்புக்கோட்டை, நெசவுக்குப் பேர்போன ஊர். சேலைக் கரையில் பூ விழும்படி நெய்கின்ற தறியை நீங்கள் பார்த்திருந்தால், அதன் தலைக்கு மேல் ஒரு கருவி இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அதற்கு ஜக்கார்டு என்று பெயர். பிரான்சு நாட்டு ஜக்கார்டு என்பவர் 1804ஆம் ஆண்டில் அமைத்த கருவி அது. துளையிட்ட அட்டைகள் சங்கிலிபோல் அதில் தொங்கும். எந்த இழை மேலே எழ வேண்டும், எந்த இழை கீழே நிற்க வேண்டும் என்பதை அந்தத் துளைகளே தீர்மானிக்கின்றன.

பூவை முதலில் கட்டத்தாளில் வரைகிறார்கள். பிறகு அதைப் பார்த்து அட்டையில் துளையிடுகிறார்கள். 120 கொக்கி உள்ள ஜக்கார்டுக்காகத் துளையிட்ட அட்டையை 240 கொக்கி உள்ள ஜக்கார்டில் அப்படியே மாட்ட முடியாது. அதற்கென்று வேறு அட்டை தயாரிக்க வேண்டும். ஆனால் பூவைப் புதிதாகக் கற்பனை செய்ய வேண்டியதில்லை. வரைபடம் ஒன்றே, அட்டைகள்தாம் வேறு.

கணிப்பொறியிலும் இதே நிலைமை உண்டு. நாம் எழுதும் நிரல் ஒன்றாக இருக்கலாம். அது ஓட வேண்டிய கணிப்பொறிகள் பலவாக இருக்கும். அப்போது ஏற்படும் குழப்பத்தைத் தீர்க்கும் வழியைத்தான் இக்கட்டுரையில் காணப் போகிறோம்.

நிரல்பெயர்ப்பி என்பது யாது?

சி பிளஸ் பிளஸ் போன்ற மொழியில் நாம் எழுதுவது மூல நிரல். அது மனிதருக்குப் புரியும், கணிப்பொறிக்குப் புரியாது. கணிப்பொறிக்குத் தெரிந்தவை 0, 1 என்ற இரண்டு குறிகளால் ஆன கட்டளைகள் மட்டுமே. மூல நிரலை அந்தக் கட்டளைகளாக மாற்றித் தருவதே நிரல்பெயர்ப்பி. கம்பைலர் என்று பலரும் சொல்வது இதைத்தான்.

நிரல்பெயர்ப்பிகள் பல உண்டு. நம் தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்களையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு பன்னிரண்டாம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ் படித்த அண்ணன்மாரும் அக்காமாரும் டாஸ் காலத்து டர்போ சி பிளஸ் பிளஸ் முறையில் நிரல் எழுதினார்கள். 2018இல் வந்த பதினொன்றாம் வகுப்புப் புதிய பாடநூலோ டெவ் சி பிளஸ் பிளஸ் என்ற மென்பொருளைக் கொண்டு கற்பிக்கிறது. அதன் உள்ளே வேலை செய்வது ஜிஎன்யு குடும்பத்து நிரல்பெயர்ப்பி. இன்னொரு புறம், 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவருக்குக் கிடைத்த பல கணினிகளில் விண்டோஸ், பாஸ் லினக்ஸ் ஆகிய இரண்டு இயக்க அமைப்புகளும் இருந்தன. ஆக, ஒரே வீட்டில், ஒரே மேசையில், இரண்டு மூன்று நிரல்பெயர்ப்பிகள் சேர்ந்துவிடுவது அபூர்வமான செய்தி அன்று.

திருச்சுழியில் ஒரு நிலம்

இப்போது ஒரு சிறு கற்பனை. திருச்சுழிப் பக்கத்தில் குண்டாற்றங்கரையை ஒட்டிய ஒரு கிராமத்தில் நீங்கள் படிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நிலத்தின் நீளத்தையும் அகலத்தையும் அடிக்கணக்கில் கொடுத்தால், எத்தனை சதுர அடி, எத்தனை சென்ட் என்று சொல்லும் நிரல் ஒன்றை எழுதுகிறீர்கள். ஒரு ஏக்கருக்கு 43,560 சதுர அடி. அதாவது 100 சென்ட். எனவே ஒரு சென்ட் 435.6 சதுர அடி.

மிளகாயும் மல்லியும் விளையும் ஒரு மானாவாரிப் புஞ்சையின் நீளம் 242 அடி, அகலம் 180 அடி. பெருக்கிப் பாருங்கள்: சரியாக 43,560. ஒரு ஏக்கர்!

மடிக்கணினியில் நிரல் சரியாகவே விடை சொல்கிறது. அதே நிரலைப் பள்ளியில் உள்ள பழைய கணிப்பொறிக்கு எடுத்துச் சென்று டர்போவில் ஓட்டுகிறீர்கள். முதலில் அது நிரலை ஏற்கவே மறுக்கிறது. தலைப்புக் கோப்பின் பெயரை மாற்றிச் சரிசெய்கிறீர்கள். பிறகு ஓடுகிறது. ஆனால் விடை என்ன தெரியுமா? கழித்தல் 21,976!

ஒரு ஏக்கர் நிலம் எங்கே போயிற்று?

மர்மம் ஒன்றும் இல்லை. டர்போவில் 'இன்ட்' என்ற முழு எண்ணுக்கு 16 இலக்க இடமே உண்டு. ஒவ்வோர் இடத்திலும் 0 அல்லது 1. ஆகவே 65,536 வேறுபட்ட எண்களை மட்டுமே அதில் குறிக்க முடியும்: கழித்தல் 32,768 முதல் 32,767 வரை. 43,560 இந்த எல்லையைத் தாண்டிவிட்டது. சைக்கிளில் மாட்டும் தூரமானி கடைசி எண்ணைத் தாண்டியதும் தொடக்கத்துக்குத் திரும்புவதுபோல், இதுவும் சுற்றிக்கொண்டு மறுமுனையில் வந்து நிற்கிறது. 43,560இலிருந்து 65,536ஐக் கழித்துப் பாருங்கள். அந்த விசித்திர எண் கிடைக்கும். மடிக்கணினியின் ஜிஎன்யு நிரல்பெயர்ப்பியிலோ அதே 'இன்ட்'டுக்கு 32 இடங்கள் உண்டு. அதில் 200 கோடிக்கும் மேல் எண்ணலாம்.

இதற்கு மருந்து நிரலிலேயே இருக்கிறது. 'லாங்' என்ற வகைக்கு எந்த நிரல்பெயர்ப்பியிலும் 32 இடங்களுக்குக் குறையாது. நீளம், அகலம், பரப்பு ஆகிய மூன்றையும் 'லாங்' என்று அறிவித்துவிட்டால் போதும். பரப்பை மட்டும் மாற்றினால் பயனில்லை. ஏனெனில் பெருக்கல் 'இன்ட்'டில் நடந்து கெட்ட பிறகே விடை பெரிய பாத்திரத்துக்கு வந்து சேரும். சிந்திய பால் பெரிய குடத்துக்கு மாற்றினால் திரும்பி வருமா?

மூன்று நகல், மூன்று வினை

அடுத்து என்ன செய்வீர்கள்? பெரும்பாலோர் செய்வது இதுதான். நிரல் இருக்கும் அடைவை மூன்று நகல் எடுத்து, ஒன்றுக்கு டர்போ என்றும், மற்றொன்றுக்கு விண்டோஸ் என்றும், மூன்றாவதற்கு லினக்ஸ் என்றும் பெயர் வைத்துவிடுவார்கள். ஒவ்வொன்றையும் அதனதன் நிரல்பெயர்ப்பிக்கு ஏற்பத் திருத்திக்கொள்வார்கள். அன்றைக்கு வேலை முடிந்துவிடும்.

ஒரு மாதம் கழித்து ஒரு பிழை தெரிய வருகிறது. 435.6 என்று அடிப்பதற்குப் பதிலாக 453.6 என்று அடித்திருக்கிறீர்கள். லினக்ஸ் அடைவில் உடனே திருத்துகிறீர்கள். மற்ற இரண்டு நகல்களின் நினைவு வருவதில்லை. பிறகு ஒரு நாள் பக்கத்து வீட்டுத் தாத்தா தம் புஞ்சையை விற்கும் பேச்சு வருகிறது. விண்டோஸில் இருந்த நிரலை ஓட்டிக் காட்டுகிறீர்கள். அது 96 சென்ட் என்கிறது. ஏறக்குறைய நான்கு சென்ட் மறைந்துவிட்டது. 1,700 சதுர அடிக்கும் மேல். ஒரு சிறு வீடு கட்டும் மனை!

கழித்தல் 21,976 என்ற விடையைக் கண்டால் யாரும் சிரித்துவிட்டு விலகிவிடுவார்கள். 96 சென்ட் என்ற விடையை நம்பிவிடுவார்கள். அதுதான் அதிக ஆபத்து. நகல்கள் பெருகும் இடத்தில் இப்படிப்பட்ட பிழைகள் ஒளிந்துகொள்கின்றன. ஆகவே நமது முதல் விதி: மூல நிரல் ஒரே இடத்தில், ஒரே பிரதியாக இருக்க வேண்டும்.

1976இல் பிறந்த 'மேக்'

அப்படியானால் நிரல்பெயர்ப்பிக்கு நிரல்பெயர்ப்பி மாறுபடும் செய்திகளை எங்கே வைப்பது? அதற்குத்தான் ஆக்கக் கோப்பு. எந்தக் கோப்புகளைச் சேர்த்து, எந்தக் கட்டளையால், எந்த வரிசையில் நிரலை ஆக்குவது என்பதை எழுதி வைக்கும் குறிப்பேடு அது.

இதன் வரலாறு சுவையானது. 1976ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் என்பவர் பணியாற்றினார். அவருடைய நண்பர் ஸ்டீவ் ஜான்சன் ஒரு நாள் அலுத்துக்கொண்டு வந்தார். ஒரு பிழையைத் தேடிக் காலை நேரம் முழுவதும் வீணாகியிருந்தது. உண்மையில் பிழையை அவர் முன்பே திருத்திவிட்டார். திருத்திய கோப்பை மறுபடி நிரல்பெயர்ப்பிக்குக் கொடுக்க மறந்துவிட்டார். பழைய பொருள் கோப்பே ஓடிக்கொண்டிருந்தது. இந்த மறதியைக் கணிப்பொறியே ஈடுகட்டட்டும் என்று ஃபெல்ட்மன் எழுதியதுதான் 'மேக்' என்ற மென்பொருள். இதற்காக 2003ஆம் ஆண்டுக்கான ஏசிஎம் மென்பொருள் அமைப்பு விருது அவருக்குக் கிடைத்தது.

மேக் படிக்கும் கோப்பில் விதிகள் இருக்கும். புரிவதற்காக ஒன்றைத் தமிழில் எழுதிக் காட்டுகிறேன்:

கணக்கு.பொருள் : கணக்கு.மூலம் சூழல்.தலைப்பு
        நிரல்பெயர்ப்பியைக் கொண்டு கணக்கு.மூலத்தைப் பெயர்க்கவும்

முதல் வரியில் இடப்புறம் இருப்பது ஆக வேண்டிய பொருள். வலப்புறம் இருப்பவை அதற்குத் தேவையானவை. அடுத்த வரி செய்முறை. தேவையானவற்றில் ஏதேனும் ஒன்று பொருளைவிடப் புதிதாக இருந்தால் மட்டும் மேக் அந்தச் செய்முறையை நடத்தும். கோப்பு கடைசியாக மாறிய நேரத்தைப் பார்த்தே இதைத் தீர்மானிக்கிறது.

செய்முறை வரியின் தொடக்கத்தில் 'டேப்' விசையை அழுத்தியே இடம் விட வேண்டும். வெறும் இடைவெளி ஆகாது. புதிதாகக் கற்பவர்களை இது இன்றும் இடறிவிடுகிறது. ஃபெல்ட்மன் பின்னர் இதை மாற்ற எண்ணினாராம். அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் மேக்கைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். அவர்களுக்குத் தொல்லை தர வேண்டாம் என்று விட்டுவிட்டார். அந்தத் தயவின் விளைவை அரை நூற்றாண்டாக உலகம் முழுவதும் அனுபவிக்கிறது!

எதை எங்கே வைப்பது?

இனி நம் நிலக் கணக்கு நிரலை ஒழுங்குபடுத்துவோம். 'நிலம்' என்று ஓர் அடைவு. அதற்குள் மூன்று அறைகள்:

மூலம்: முதன்மை, அளவு, கணக்கு, சூழல்
ஆக்கம்: பொது, டர்போ, விண்டோஸ், லினக்ஸ்
வெளியீடு: டர்போ, விண்டோஸ், லினக்ஸ்

(பெயர்களை இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன். கணிப்பொறியில் வைக்கும்போது ஆங்கில எழுத்தில் எட்டு எழுத்துக்கு மிகாமல் வையுங்கள். டர்போ ஓடும் டாஸ் அதற்கு மேல் ஏற்காது.)

முதல் அறையில் மூல நிரல். இது ஒரே பிரதி. தலைப்புக் கோப்பின் பெயர் டர்போவுக்கு ஒன்று, மற்றவற்றுக்கு வேறொன்று என்றோமே, அதற்கு என்ன செய்வது? டர்போ பிறந்தது 1990இல். சி பிளஸ் பிளஸ் மொழிக்கு உலகத் தரம் வகுத்தது 1998இல். அந்த வேறுபாட்டின் வடுதான் இது. நல்லவேளையாக ஒவ்வொரு நிரல்பெயர்ப்பியும் தன் அடையாளத்தை ஒரு பெயராக முன்கூட்டியே அறிவித்து வைத்திருக்கிறது. 'டர்போ என்றால் பழைய பெயர். இல்லையேல் புதிய பெயர்' என்று ஒரு நிபந்தனையை 'சூழல்' என்ற சிறு தலைப்புக் கோப்பில் எழுதுங்கள். மற்ற கோப்புகள் எல்லாம் 'சூழல்' கோப்பை மட்டும் சேர்த்துக்கொள்ளட்டும். அவற்றில் எங்கும் டர்போ என்ற பேச்சே எழக் கூடாது.

இரண்டாம் அறையில் ஆக்கக் கோப்புகள். 'பொது' என்பதில் எல்லாருக்கும் பொதுவான செய்திகள் இருக்கும்: எவை எவை மூலக் கோப்புகள், எது எதைச் சார்ந்தது என்பன. மற்ற மூன்றும் மிகச் சிறியவை. நிரல்பெயர்ப்பியின் பெயர் என்ன, எச்சரிக்கைகளைக் காட்டச் சொல்லும் குறி எது, பொருள் கோப்பின் பின்னொட்டு எது, கோப்பை அழிக்கும் கட்டளை எது என்று நாலைந்து வரிகள். கடைசியில் 'பொது கோப்பையும் சேர்த்துக்கொள்' என்று ஒரு வரி.

அந்த ஒரு வரியிலும் ஒரு நுணுக்கம் உண்டு. மேக் என்ற பெயரில் பல நிறுவனங்கள் தத்தம் மென்பொருளை வெளியிட்டன. டர்போவுடன் வரும் மேக்கில் சேர்க்கும் கட்டளைக்கு முன்னால் ஆச்சரியக்குறி இட வேண்டும்; ஜிஎன்யு மேக்கில் இடக் கூடாது. நிபந்தனை எழுதும் முறையும் இரண்டிலும் வேறு. ஆகவே 'பொது' கோப்பில் எல்லா மேக்குகளுக்கும் புரியும் எளிய வரிகளை மட்டும் வையுங்கள். பெயரும் மதிப்புமாக எழுதும் வரிகள் எங்கும் செல்லும். சாமர்த்தியம் தேவைப்படுவதைத் தனிக் கோப்புக்குத் தள்ளிவிடுங்கள்.

மூன்றாம் அறை எதற்கு? லினக்ஸிலும் சரி, விண்டோஸ் ஜிஎன்யு நிரல்பெயர்ப்பியிலும் சரி, பொருள் கோப்பின் பின்னொட்டு ஒன்றேதான். ஒரு பென் டிரைவில் நிரலை வைத்து நேற்று விண்டோஸில் ஆக்கினீர்கள். இன்று அதையே லினக்ஸில் ஆக்க முயல்கிறீர்கள். மேக் பார்க்கிறது. பொருள் கோப்பு மூலத்தைவிடப் புதிது. 'வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது' என்று முடிவு செய்து பெயர்ப்பதைத் தவிர்த்துவிடும். பிறகு விண்டோஸுக்கான துண்டுகளை இணைக்கப் போய், புரியாத பிழைச் செய்திகள் வரிசையாக வந்து விழும். மேக்குக்கு நேரம் தெரியும். யாருக்காக ஆக்கியது என்பது தெரியாது. விளைபொருளைத் தனித்தனி அறையில் இட்டால் இந்த விபத்து நேராது. இன்னொரு பயனும் உண்டு. வெளியீடு அறை முழுவதையும் எப்போது வேண்டுமானாலும் அஞ்சாமல் அழித்துவிடலாம். மூலமும் ஆக்கமும் இருக்கும்வரை அதை மறுபடி உண்டாக்கிக்கொள்ளலாம்.

சென்னையில் ஒரு சான்று

இது பள்ளிப் பிள்ளைகளின் சிறு நிரலுக்கு மட்டும் உரிய யோசனை என்று எண்ண வேண்டாம். சென்னை ஐஐடியில் 2014இல் தொடங்கிய 'சக்தி' திட்டத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நம் நாட்டிலேயே வடிவமைத்த நுண்செயலிகள் அவை. 2018இல் சக்தி சில்லு ஒன்றில் லினக்ஸ் ஓடியது.

சக்திக்கான நிரலை நாம் மேசைக் கணிப்பொறியில் எழுதுகிறோம். பெயர்ப்பதும் அங்கேதான். ஆனால் ஓடுவது சக்தியில். ஓரிடத்தில் ஆக்கி வேறிடத்தில் ஓடச் செய்யும் இத்தகைய நிரல்பெயர்ப்பிக்குக் குறுக்கு நிரல்பெயர்ப்பி என்று பெயர். சக்தியிலும் பினாகா, பரசு, வஜ்ரா என்று பல அமைப்புகள் உண்டு. அவற்றின் நினைவகமும் துணைக்கருவிகளும் ஒன்றுபோல் இல்லை. சக்திக் குழுவினர் வெளியிட்டுள்ள மென்பொருள் தொகுப்பைத் திறந்து பார்த்தால், பலகைகளைப் பற்றிய கோப்புகள் ஓர் அடைவிலும், பயன்பாட்டு நிரல்கள் வேறோர் அடைவிலும் பிரிந்திருப்பதைக் காணலாம். மேக் கட்டளையில் எந்த நிரல், எந்தப் பலகை என்ற இரண்டை மட்டும் சொன்னால் போதும். புதுப் பலகை ஒன்று வந்தால் அதற்கான கோப்புகளைச் சேர்ப்பார்கள். விளக்கை எரியச் செய்யும் நிரலை ஒவ்வொரு பலகைக்கும் திரும்ப எழுத வேண்டியதில்லை.

கருவிகள் பெருகியபோது, தனித்தனி ஆக்கக் கோப்பு எழுதுவதே பெரும் சுமையாயிற்று. 2000ஆம் ஆண்டில் 'சி-மேக்' என்ற மென்பொருள் வந்தது. மருத்துவப் படங்களை ஆராயும் ஒரு பெரிய திட்டத்தை யூனிக்ஸிலும் விண்டோஸிலும் ஆக்க வேண்டியிருந்ததால் பிறந்தது அது. நிரலில் உள்ள கோப்புகள் இன்னவை என்று ஒரு முறை எழுதிக் கொடுத்தால், அந்தந்தச் சூழலுக்கு ஏற்ற ஆக்கக் கோப்பை அதுவே தயாரித்துத் தந்துவிடும். கட்டத்தாளைப் பார்த்து அட்டையில் துளையிட்டுத் தரும் உதவியாளர் போல என்று சொல்லலாம். எனினும் டர்போ போன்ற மிகப் பழைய கருவிகளுக்கு அது கைகொடுப்பதில்லை. மேலும், எது பொது, எது தனி என்று பிரித்துச் சொல்லும் பொறுப்பு அப்போதும் நம்முடையதே.

நீங்களே செய்து பாருங்கள்

நிலக் கணக்கு நிரலை மூன்று கோப்புகளாகப் பிரித்து எழுதுங்கள். கிடைக்கும் ஏதேனும் இரண்டு நிரல்பெயர்ப்பிகளில் ஆக்குங்கள். பிறகு மூன்று சோதனைகள். முதலாவது: 242, 180 என்று கொடுத்தால் இரண்டும் 43,560 என்றும் 100 சென்ட் என்றும் சொல்கின்றனவா? இரண்டாவது: 'கணக்கு' கோப்பில் மட்டும் ஒரு சிறு மாற்றம் செய்துவிட்டு மேக்கை ஓட்டுங்கள், அந்த ஒரு கோப்பை மட்டும் மறுபடி பெயர்க்கிறதா? மூன்றாவது: வெளியீடு அறையை முழுவதும் அழித்துவிட்டு, ஒரே கட்டளையால் எல்லாம் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். மூன்றிலும் தேறினால் உங்கள் ஆக்கக் கோப்பு நன்றாக அமைந்திருக்கிறது என்று பொருள்.

அடுத்த முறை அருப்புக்கோட்டைத் தெரு ஒன்றில் தறிச் சத்தம் கேட்டால் ஒரு கணம் நின்று கேளுங்கள். அட்டை கிழிந்தால் வேறு அட்டையில் துளையிட்டுக்கொள்ளலாம். தறி மாறினாலும் அப்படித்தான். ஆனால் கட்டத்தாள் மூன்று பிரதியாகி ஒவ்வொன்றிலும் பூ ஒவ்வொரு விதமாக இருந்தால், எது உண்மையான பூ என்று யாரால் சொல்ல முடியும்?